பாய்லரை மாற்றாமல் ஓய்ந்த இடிச்சத்தம்

வடமேற்கு லண்டனில் ஹாரோ பகுதியில், பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் 1930களின் வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். சென்ற குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ஹீட்டிங் குழாய்களில் எழுந்த சத்தத்தையும், சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் வாரந்தோறும் சேர்ந்த காற்றையும் சரிசெய்து கொடுத்த பழுதுபார்ப்பவர் ஒருவரின் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அறுபதை நெருங்கும் ஆங்கிலேயரான அவர் தனியாளாகத் தொழில் செய்பவர். கையில் இருக்கும் வேலையே போதும், தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் பெயரில்லாத மதிப்புரையாக இது அமைந்துவிட்டது. அவர் என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார் என்பது தெரிந்தால், உங்கள் ஊரில் நீங்கள் அழைக்கும் ஆளை எடைபோட அது உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய வகை ஏற்பாடு. சமையலறையில் எரிவாயு பாய்லர். மாடியில் ஓர் அலமாரிக்குள் வெந்நீர் சிலிண்டர். பரணில் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டி. பாய்லரில் சூடான நீரைப் பம்ப் எட்டு ரேடியேட்டர்களுக்கும் சுற்றி அனுப்புகிறது. குறையும் நீரை ஈடுசெய்ய, பரண் தொட்டியிலிருந்து 15 மில்லிமீட்டர் குழாய் ஒன்று கீழே இறங்குகிறது. சூட்டில் நீர் மிகுதியாகப் பெருகினாலோ கொதித்தாலோ வெளியேற, 22 மில்லிமீட்டர் குழாய் ஒன்று மேலே போய்த் தொட்டியின் மேல் கைத்தடி போல வளைந்து வாய் திறந்து நிற்கிறது. இந்த இரண்டு குழாய்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அவற்றைச் சுற்றியே வரப்போகிறது.

நவம்பரில் தொடங்கியது தொல்லை. காலை ஆறு மணிக்கு ஹீட்டிங் இயங்கத் தொடங்கியதும் பாய்லருக்குள் பெரிய கெண்டி கொதிப்பது போன்ற உறுமல் கேட்கும். சற்று நேரத்தில் தரைப்பலகைக்கு அடியில் டக் டக்கென்று தட்டும். எட்டு மணிவாக்கில், வீடு சூடேறி முடிந்த பிறகு, கூடத்தில் சுத்தியலால் அடிப்பது போல் தொடர்ந்து இடிக்கும். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா முதல் நாள் காலையில், பக்கத்து வீட்டில் இந்த நேரத்திலேயே உரலில் இடிக்கிறார்களா என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரோ நாங்கள்தான் எதையோ இடிக்கிறோம் என்று எண்ணிக் கதவைத் தட்டினார். இவை போதாதென்று, மாடிப் படுக்கையறை ரேடியேட்டரின் மேல்பாதி சில்லென்றும் கீழ்ப்பாதி சூடாகவும் இருக்கும். ரேடியேட்டரில் உள்ள திருகைச் சிறு சாவியால் திறந்து காற்றை வெளியேற்றினால் சரியாகும். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

முதலில் வந்தது வேறொரு நிறுவனம். அவர்கள் அனுப்பிய இளைஞர் பத்து நிமிடம் இருந்தார், இரண்டு ரேடியேட்டர்களில் காற்றை இறக்கினார், பாய்லர் பழையது, ஏற்பாட்டையே மாற்றி, சிலிண்டரும் பரண் தொட்டியும் இல்லாமல் ஹீட்டிங்கையும் வெந்நீரையும் தானே தரும் புதிய காம்பி பாய்லர் வைத்தால்தான் சத்தம் போகும் என்று 3,200 பவுண்டுக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார். அவர் பரணில் ஏறவே இல்லை என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாவதாக வந்தவர் சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். அதற்கு வருத்தமும் தெரிவிக்கவில்லை. ஆனால் வந்ததும் கருவிப் பெட்டியைத் திறக்காமல், ஹீட்டிங்கை முழுவதும் அணைத்துவிட்டு, வீடு சற்று ஆறியபின் மீண்டும் போடச் சொல்லி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒவ்வோர் அறையாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். இடையிடையே குழாயின் மேல் ஒரு நீண்ட திருப்புளியின் நுனியை வைத்து, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். நான் ஒரே சத்தம் என்று நினைத்திருந்தது ஒன்றல்ல, மூன்று என்றும், மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு என்றும், அவற்றில் ஒன்று மட்டுமே காற்றோடு தொடர்புடையது என்றும் அந்த ஒரு மணி நேரத்தின் முடிவில் சொன்னார். நான் கொடுத்த கட்டணத்தில் மிகுந்த மதிப்புடையது அந்த ஒரு மணி நேரம்தான் என்பது என் கணிப்பு.

காற்றை அவர் ஆராய்ந்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குளிர்ந்த நீரில் காற்று கரைந்திருக்கும். சூடாக்கினால் அது பிரிந்து குமிழியாகி உயரமான இடத்தில் போய்ச் சேரும். ஆகவே புதிதாக நீர் நிரப்பிய பின் சில நாட்களுக்கு ரேடியேட்டரில் காற்று சேர்வது இயல்பு. அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றும்போது, கரைந்திருந்த காற்றெல்லாம் வெளியேறிய பிறகு, புதிதாகச் சேர எதுவும் இருக்கக் கூடாது. வாரந்தோறும் சேர்கிறது என்றால், ஒன்று வெளிக்காற்று உள்ளே வருகிறது, அல்லது உள்ளேயே ஏதோ ஒரு வாயு உண்டாகிறது. இரண்டாவது வகை என்னவென்றால், இரும்பு ரேடியேட்டர்கள் உள்ளே அரிக்கப்படும்போது மேக்னடைட் என்னும் கருப்புச் சேறும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். அவர் வெளியேறும் வாயுவைச் சிறு குப்பியில் பிடித்து, வாசலுக்கு எடுத்துப்போய் நெருப்புக் காட்டினார். எரியவில்லை, ஆகவே பெரும்பகுதி வெளிக்காற்றுதான் என்றார். இந்தச் சோதனையை யாரும் வீட்டுக்குள் செய்து பார்க்க வேண்டாம். ரேடியேட்டர் அருகில் தீக்குச்சி கிழிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

அடுத்து ஒரு தேநீர்க் கோப்பையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பரணுக்கு ஏறினார். தொட்டியின் மேல் வளைந்து நின்ற குழாயின் வாயைக் கோப்பைத் தண்ணீரில் மூழ்கும்படி பிடித்துக்கொண்டு, கீழே பம்பைப் போடச் சொன்னார். உறிஞ்சு குழலில் இளநீர் குடிப்பது போல் கோப்பையின் நீர் சட்டென்று மேலேறிக் குழாய்க்குள் மறைந்ததை ஏணியின் உச்சியில் நின்று நானும் பார்த்தேன். கோப்பை இல்லாதபோது அந்தக் குழாய் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்றைத்தான் நான் வாரந்தோறும் சாவியால் வெளியேற்றிக்கொண்டிருந்தேன்.

ஏன் உறிஞ்சுகிறது என்பதற்கு விடை, சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்த சிறு காந்தத்தில் இருந்தது. செம்புக் குழாயில் காந்தம் ஒட்டாது. ஆனால் பரண் தொட்டியிலிருந்து இறங்கும் 15 மில்லிமீட்டர் குழாய், பம்புக்குச் செல்லும் பெரிய குழாயோடு சேரும் இடத்தில் காந்தத்தை வைத்தபோது அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உள்ளே அந்த அளவுக்கு மேக்னடைட் சேறு அடைத்திருந்தது. பம்பின் இழுப்பு எங்கே எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தொட்டிக் குழாய் சேரும் அந்த இடம்தான். அது அடைபட்டால் இழுப்பு முழுவதும் திறந்திருக்கும் மற்ற குழாயின் மேல் விழுகிறது. இரவில் நீர் ஆறிச் சுருங்கும்போதும் இதே நிலைதான். 100 லிட்டர் நீர் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால் 2 லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பெருகும், ஆறும்போது அதே அளவு சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்பத் தொட்டி நீர் இறங்க வழியில்லாவிட்டால் காற்று இறங்கும். ஊரில் மோட்டார் காற்றுப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி வாளியால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்வோமே, அதுபோல மேலோட்டமாகச் சரிசெய்துகொண்டே நான் இரண்டு மாதங்களை ஓட்டியிருந்தேன்.

இரண்டாம் வருகையில் அந்த இணைப்பை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி எடுத்தார். வெட்டிய துண்டை என்னிடம் காட்டினார். நடுவில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு மட்டுமே துளை இருந்தது, மற்றதெல்லாம் கரி போன்ற இறுகிய கருப்பு. புதிய குழாய் வைத்து, முதலில் மேலே செல்லும் திறந்த குழாய், அதிலிருந்து 150 மில்லிமீட்டருக்குள் தொட்டிக் குழாய், அதன் பிறகு பம்ப் என்ற வரிசையில் இணைத்தார். கோப்பைச் சோதனையை மீண்டும் செய்து காட்டிய பிறகே ஏணியை மடக்கினார். இந்த முறை கோப்பை நீர் அசையவே இல்லை.

பாய்லரின் உறுமல் இதனோடு சேர்ந்தே தணிந்தது. பாய்லரில் நெருப்பின் சூட்டை நீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் உட்சுவரில் சுண்ணாம்புப் படிவமோ சேறோ ஒட்டியிருந்தாலும், காற்று புகுந்து நீரோட்டம் மந்தமாக இருந்தாலும், சுவரை ஒட்டிய நீர் மட்டும் கொதித்து நீராவிக் குமிழிகளாகி, குளிர்ந்த நீரைத் தொட்டதும் நொறுங்கும். ஆயிரக்கணக்கான குமிழிகள் நொறுங்கும் ஓசையே அந்தக் கெண்டிச் சத்தம். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுதி என்பது இங்கே கெண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சுத்தம் செய்து ஓட்டம் சீரானதும் உறுமல் ஏறக்குறைய நின்றுவிட்டது.

கூடத்துச் சுத்தியல் சத்தத்துக்குக் காற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அங்கே ரேடியேட்டரில் இருந்தது, அறை சூடேறியதும் தானே மூடிக்கொள்ளும் பழைய தெர்மோஸ்டாட் வால்வு. அந்தக் கால வால்வுகளில் பல, நீர் ஒரு திசையிலிருந்து வந்தால் மட்டுமே ஒழுங்காக வேலை செய்பவை. உடலில் அம்புக்குறி பொறித்திருக்கும். எங்கள் வீட்டில் அது, ரேடியேட்டரிலிருந்து நீர் திரும்பும் குழாயில் பொருத்தப்பட்டிருந்ததால், வால்வு மூடும் தறுவாயில் நீரின் வேகமே அடைப்பானை இழுத்து அறைந்து சாத்திவிடும், உடனே அழுத்தம் மாறி அது திறக்கும், மறுபடியும் சாத்தும். வீடு சூடேறிய பிறகே இடித்ததற்கு இதுவே காரணம். எந்தத் திசையிலும் பொருத்தத்தக்க புதிய வால்வு ஒன்றை மாற்றினார். முப்பது பவுண்டு கூட ஆகவில்லை. கூடம் அன்றே அமைதியானது. இந்தச் சத்தத்துக்காகத்தான் முதல் நிறுவனம் பாய்லரையே மாற்றச் சொன்னது என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. அதே வால்வு அங்கேயே இருந்திருந்தால், புதிய பாய்லரோடும் அது இடித்திருக்கும்.

மூன்றாவதான தரைப்பலகைத் தட்டல் செம்பின் குணம். 10 மீட்டர் செம்புக் குழாய் 50 டிகிரி சூடேறினால் எட்டரை மில்லிமீட்டர் நீளும். உத்திரக் கட்டையில் வெட்டிய பள்ளத்தில் குழாய் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால், நழுவி நீள இடமின்றி, கொஞ்சம் கொஞ்சமாக விசை சேர்ந்து டக்கென்று துள்ளும். படிக்கட்டருகே நான்கு பலகைகளைக் கழற்றி, பள்ளங்களைச் சற்று அகலமாக்கி, குழாய்க்கும் மரத்துக்கும் இடையே கம்பளித் துண்டுகளைச் செருகினார். படுக்கையறையில் ஒட்டப்பட்ட மரத்தரை என்பதால் அங்கே கைவைக்கவில்லை. அவர் வேண்டுமென்று விட்டதல்ல. நான்தான் தரையை உடைக்கச் சம்மதிக்கவில்லை.

சலவை இயந்திரம் நீரை நிறுத்தும்போது வரும் ஒற்றை இடியைப் பற்றியும் கேட்டேன். அது ஹீட்டிங் நீரே அல்ல, தெருக்குழாய் நீர் என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கினார். ஓடும் நீர்ப்பத்தியைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்த அலை எழுந்து குழாயை உதைக்கும்; இதன் கணக்கை மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களை ஆராய்ந்து நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி 1898இல் வெளியிட்டார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென்று நிறுத்தினாலே பத்துப் பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் ஏறும். பழுதுபார்க்க வந்தவர் எங்கள் வீட்டின் பிரதான வால்வைக் கால்சுற்று மூடி ஓட்டத்தைக் குறைத்தார், தளர்ந்திருந்த ஒரு குழாய்ப் பிடியை இறுக்கினார். இதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. குழாய்களைச் சுத்தம் செய்ய ஒரு ரசாயனத்தை ஊற்றி, அது ஒரு வாரம் சுற்றட்டும் என்று சொல்லிப் போனார்; அந்த வாரம் முழுவதும் சேறு கிளம்பிச் சத்தம் முன்பைவிடக் கூடும் என்று மட்டும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நான் பதறித் தொலைபேசியில் அழைத்தபோது, ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று நிதானமாகப் பதில் வந்தது. வாரம் முடிந்து நீரை இறக்கியபோது மாடி நடையின் கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்புக் கறை விழுந்தது. கட்டணத்தில் 20 பவுண்டு குறைத்துக்கொண்டார், கறை இன்னும் போகவில்லை. செய்த வேலைகளின் எழுத்துப் பட்டியல் கேட்டால், பாய்லர் உறையின் உட்புறத்தில் பேனாவால் தேதியும் மருந்தின் பெயரும் எழுதிவிட்டு, அதுதான் பட்டியல் என்றார். வீட்டை விற்கும்போது ஆவணம் தேவைப்படுவோருக்கு இது போதாது.

மறுபுறம், அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் மருந்தை அளவாக ஊற்றி, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றையும் பொருத்தினார். நீரைச் சுத்தம் செய்வது, வடிகட்டி வைப்பது, ஆண்டுதோறும் மருந்தின் வலுவைச் சோதிப்பது ஆகிய அனைத்தும் பி.எஸ். 7593 என்ற பிரிட்டிஷ் தர விதியில் சொல்லப்பட்டவையே. ஆனால் கேட்காமலே செய்பவர் அரிது. ஒரு மாதம் கழித்து வடிகட்டியைத் திறந்தபோது காந்தத்தண்டில் எருமைச் சாணம் போல அப்பியிருந்ததைப் பார்த்து அம்மா முகம் சுளித்தார்.

ஒரே வீட்டை வைத்து ஒருவரைப் புகழ்வது சரியல்ல என்பதால், கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் நண்பர் ஒருவருக்கும் இவரையே பரிந்துரைத்தேன். அங்கே காம்பி பாய்லர். பரண் தொட்டி கிடையாது, மூடிய சுற்று. அழுத்தமானி ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். நண்பர் வீட்டில் சூடேறும்போது முள் 3 பாரை எட்டி, பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியே நீர் கொட்டும். ஆறியதும் முள் சுழிக்கு இறங்கும். நண்பர் நிரப்புக் குழாயைத் திறந்து மீண்டும் நிரப்புவார். ஒவ்வொரு முறையும் புதிய நீரோடு புதிய காற்றும் உள்ளே போனதால் ரேடியேட்டர்களில் ஓடை போலச் சலசலப்பு. இவர் அங்கே செய்தது ஒரே சோதனை: நீர் பெருகும்போது இடம் கொடுக்கும் விரிவுக் கலத்தில், சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற காற்று வால்வை அழுத்தினார். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். கலத்தை மாற்றியதும் நிரப்பும் வேலையும் சலசலப்பும் சேர்ந்து நின்றன. நண்பர் அவர் அதிகம் பேசுவதில்லை என்று மட்டும் குறைபட்டார்.

காற்றை நாமே வெளியேற்றுவது பற்றி அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் ஒன்றை நான் அதுவரை தவறாகச் செய்துவந்தேன். ஹீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. பம்ப் இழுக்கும் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர் என்றால் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே போகலாம், சுடுநீர் கையில் தெறிக்கவும் கூடும். அணைத்து, ஆறவிட்டு, கீழ்த்தளத்தில் தொடங்கி மாடிக்குப் போக வேண்டும். சாவியைக் கால்சுற்று திருப்பினால் போதும். சீறல் நின்று நீர் சீராகக் கசிந்ததும் மூடிவிட வேண்டும், திருகை முழுவதும் கழற்றிவிடக் கூடாது. வரும் நீரின் நிறத்தையும் பார்க்கச் சொன்னார்: கருப்பு என்றால் பழைய சேறு, செம்பழுப்பு என்றால் புதிய காற்று நுழைந்துகொண்டிருக்கிறது.

இரண்டு வருகைகளுக்கும், சுத்தம் செய்ததற்கும், பொருள்களுக்கும் சேர்த்து மொத்தம் 640 பவுண்டு ஆயிற்று. மலிவு என்று சொல்ல மாட்டேன். சத்தத்துக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் 3,200 பவுண்டு மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் எனக்கு மனக்குறை இல்லை. ரேடியேட்டர், குழாய் ஆகிய நீர்ப்பகுதி வேலைகளுக்கு இல்லாவிட்டாலும், பாய்லரின் எரிவாயுப் பகுதியைத் தொடுபவர், எரிவாயு வேலைக்குத் தகுதி பெற்றவர்களின் பட்டியலான கேஸ் சேஃப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். இவர் கேட்பதற்கு முன்பே அட்டையை நீட்டினார். அதன் பின்புறத்தில் எந்தெந்த வேலைகளுக்குத் தகுதி பெற்றவர் என்பது அச்சிடப்பட்டிருக்கும், அதையும் திருப்பிப் பாருங்கள் என்றார்.

வேலை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மாடிப் படுக்கையறை ரேடியேட்டரை இதுவரை ஒரே ஒரு முறைதான் திறந்தேன். அதுவும் புதிய நீர் நிரப்பிய முதல் வாரத்தில். காலை ஆறு மணிக்குப் படுக்கையறை மரத்தரைக்கு அடியில் இரண்டு தட்டல்கள் மட்டும் இன்னும் கேட்கின்றன. கோடையில் அந்தத் தரையைப் பிரிக்கலாமா என்று அவரிடம் கேட்டதற்கு, இரண்டு தட்டலுக்காகத் தரையைப் பாழாக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த அக்டோபரில் மருந்துச் சோதனைக்கு வருவதாகத் தேதி குறித்துக்கொண்டார்.